திருகோணமலைக் குளங்களில் மீன்பிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தம்பலகாமத்துப் பக்கம். கந்தளாய்த் தண்ணீரில் விளைந்த சோற்றைச் சாப்பிட்டு, அதே தண்ணீர் ஓடும் வாய்க்காலில் தூண்டில் போட்டு வளர்ந்தவன். லீவில் வரும் சொந்தக்காரப் பிள்ளைகளும், டவுனில் வேலை செய்யும் நண்பர்களும், புதிதாகத் தூண்டில் வாங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

சுற்றிவரக் கடல் இருக்கும் ஊரில் குளத்து மீன் எதற்கு?

வெளியூர்க்காரருக்குத் திருகோணமலை என்றால் கடல்தான். ஆனால் டவுனை விட்டுக் கொழும்பு வீதியில் அரை மணித்தியாலம் ஓடினால் இரண்டு பக்கமும் வயல், வயலுக்கு மேலே குளம். தம்பலகாமம், கந்தளாய், முதலிக்குளம், சேருவில, வெருகல் பக்கத்துச் சனங்களில் பலருக்குக் கடல் மீன் என்பது சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ பெட்டி கட்டிக்கொண்டு வருவது, குளத்து மீன் என்பது பின்னேரம் போய்ப் பிடித்துவந்து இரவுக்குச் சமைப்பது. வாடைக்காற்று அடிக்கும் கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும், மீன் விலை ஏறிவிடும். அந்த நாட்களில் வான் பாயும் இடத்தில், அதாவது நிரம்பிய குளத்தின் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில், வீச்சுவலையோடு நிற்பவர்தான் தெருவுக்கே கறி கொடுப்பவர்.

காசுக்கணக்கைத் தாண்டியும் ஒன்று உண்டு. கடலுக்குப் போகப் படகு வேண்டும், எஞ்சின் வேண்டும், தெரிந்த ஆள் வேண்டும். குளத்துக்கு ஒரு தடியும், தங்கூசியும் (தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் நூல்), மண்புழுவும் இருந்தால் பத்து வயதுப் பிள்ளையும் போகலாம்.

எந்தக் குளத்துக்குப் போகலாம்?

மாவட்டத்தில் பெரியது கந்தளாய்க் குளம்தான், டவுனிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியது என்று எங்கள் ஊர் மரபு சொல்லும், 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்போ மன்னன் கட்டியது என்று வரலாற்று நூல்கள் சொல்லும். மின்னேரியாவிலிருந்து வரும் பழைய கால்வாயும் அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. டவுன் ஆட்கள் குழாயைத் திறந்து குடிக்கும் தண்ணீரும் அந்தக் குளத்திலிருந்துதான் வருகிறது, அங்கே போய்க் குப்பை போடுகிறவர்களுக்கு இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்வதுண்டு. 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் அதன் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், வீடும் வயலும் அள்ளுண்டு போயின. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் குளக்கட்டில் பாரமான வாகனத்தைக் கண்டால் பொறுக்கமாட்டார்கள், கட்டு உடைந்ததற்குப் பாரமான வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணம் என்று பேசப்பட்டதால். நீங்களும் கட்டில் வாகனத்தை ஏற்றாமல் கீழே விட்டுவிட்டு நடந்து போங்கள்.

அப்புறம் கந்தளாய்க்குப் பக்கத்திலேயே வெண்டரசன்குளம், மூதூர்ப் பக்கம் அல்லைக்குளம், ஹொரவப்பொத்தானை வீதியில் முதலிக்குளம், நிலாவெளிக்குப் போகும் வழியில் பெரியகுளம் என்று நிறைய இருக்கின்றன. பெயர் தெரியாத ஊர்க்குளங்கள் இன்னும் எத்தனையோ.

புதிதாகத் தொடங்குகிறவர் பெரிய குளத்துக்குப் போய் ஏமாறாதீர்கள். கடல் மாதிரி விரிந்து கிடக்கும், மீன் எங்கே நிற்கிறது என்று பிடிபடாது. கோடையில் பாதி வற்றிய ஊர்க்குளம் ஒன்றில் நான்கு நாள் உட்கார்ந்தால் கற்றுக்கொள்வது அதிகம்.

யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

கட்டாயம் கேட்க வேண்டும். குளம் பொதுதானே என்று நினைத்துக் கொண்டு போய் இறங்குவதுதான் எல்லாச் சண்டைக்கும் தொடக்கம்.

200 ஏக்கருக்குக் குறைவான வயலுக்குப் பாயும் சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும், நாளாந்தம் அதைப் பார்த்துக்கொள்வது அந்த ஊர் விவசாய அமைப்பு. பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையவை. மீனின் பக்கம் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் இருக்கிறது, குளங்களில் குஞ்சு விடுவதையும் நன்னீர் மீனவர் சங்கங்களையும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை பார்க்கிறது. தொழிலாகப் பிடிக்கிறவர்களுக்கு லைசன்ஸ் உண்டு. ஆசைக்கு ஒரு தூண்டிலோடு போகிறவர் முதலில் அந்தக் குளத்துச் சங்கத்து ஆள் ஒருவரைப் பிடித்து, "அண்ணன், ஒரு தூண்டில் போடட்டுமா?" என்று கேளுங்கள். அநேகமாக "போடுங்க தம்பி, அந்த மரத்தடிக்குப் போங்க, அங்கதான் கொத்தும்" என்று இடத்தையும் சொல்லி அனுப்புவார்கள். கேட்காமல் போய் அவர்கள் காசு போட்டு விட்ட மீனைப் பிடித்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

வனஜீவராசிகள் திணைக்களத்தின் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும் குளத்தில் தூண்டிலை எடுக்கவே வேண்டாம்.

எந்த மாதம் நல்லது?

மாதத்தைக் கேட்காதீர்கள், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். எங்கள் பெரியப்பா நாட்காட்டியே பார்க்கமாட்டார். அலைகரையில் (குளத்துத் தண்ணீர் வந்து தொடும் கரையில்) நிற்கும் மருதமரத்தின் வேரில் தண்ணீர் தொடுகிறதா, வேரைவிட்டு எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று பார்த்துவிட்டு இன்றைக்கு எங்கே போவது என்று முடிவு எடுப்பார். இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லாவற்றிலும் ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் மழை தொடங்கி மார்கழி, தை வரைக்கும் குளம் ஏறும். முதல் மழைத் தண்ணீர் ஓடிவரும்போது மீனெல்லாம் தண்ணீரை எதிர்த்து ஏறத் தொடங்கும், முட்டை போடத்தான் ஏறுகிறது. ஓடை, வாய்க்கால், வயல் எல்லா இடத்திலும் மீன். பனையேறிக் கெண்டை நனைந்த புல்லில் செவுளை ஊன்றி ஊர்ந்து போவதை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன், கையால் பொறுக்கலாம். ஆனால் வயிற்றில் சினையோடு ஏறுகிற மீனை வாய்க்கால் முழுக்க மறித்துப் பறி கட்டிப் பிடிப்பது அடுத்த வருடக் கறியை இன்றைக்கே தின்பது மாதிரி. கொஞ்சம் பிடியுங்கள், வழியை அடைக்காதீர்கள்.

குளம் நிறைந்து வான் பாயும் நாட்களில் தூண்டிலுக்கு மீன் கிடைப்பது கடினம். தண்ணீர் கலங்கல், மீன் காட்டுப்பக்கம் வரை பரவிவிடும். அப்போது வானுக்குக் கீழே உள்ள மடுவில்தான் பிடிப்பார்கள். வான் பாயும் கொங்கிறீட்டில் பாசி பிடித்து வழுக்கும், விழுந்தால் கையில் பிடிக்க எதுவும் கிடையாது, ஆகவே வானுக்குமேல் நடக்க வேண்டாம்.

மாசி, பங்குனியில் தண்ணீர் தெளியும். சிறுபோகத்துக்குத் துருசு (வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு) திறந்ததும் மட்டம் இறங்கத் தொடங்கும், மீனும் கரையோரப் புல்லை விட்டு ஆழத்துக்குப் போகும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் காலம்தான் தூண்டில்காரனுக்குப் பொற்காலம். தண்ணீர் சுருங்க மீனெல்லாம் ஒரே இடத்துக்கு வரும். கச்சான் தென்மேற்கிலிருந்து அடிப்பதால் மிதக்கும் தீனியெல்லாம் வடகிழக்குக் கரையில் வந்து ஒதுங்கும், மீனும் அதைத் தேடி அங்கே வரும். காற்று முகத்தில் அடித்தாலும் அந்தக் கரையில்தான் நிற்க வேண்டும். மத்தியானத்தில் அலை அடித்துத் தக்கை தெரியாது, காலை 6 மணியிலிருந்து 9 மணி வரைக்கும் நல்லது.

இந்தக் குளங்களில் என்னென்ன மீன் இருக்கிறது?

வலையில் வருவதில் பெரும்பங்கு திலாப்பியா. இது நம் நாட்டு மீன் கிடையாது, 1952இல் கொண்டுவந்து விட்டார்கள், இன்றைக்கு அது இல்லாத குளம் அரிது. கோடையில் தண்ணீர் வற்றிய குளத்தின் தரையைப் பார்த்திருக்கிறீர்களா? தட்டுப் போல, சட்டி போல, வட்ட வட்டமாகக் குழிகள், பக்கத்துப் பக்கத்தில். சின்ன வயதில் அதை மாட்டுக் குளம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண் திலாப்பியா வாயால் மண்ணை அள்ளித் துப்பிச் செய்த கூடு அது. பெண் அதில் முட்டை போட்டு உடனே முட்டையை வாய்க்குள் எடுத்துக்கொள்ளும், குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து என்றால் குஞ்செல்லாம் தாயின் வாய்க்குள் ஓடிவிடும். இப்படி வளர்வதால்தான் அதற்கு யாரும் குஞ்சு விட வேண்டியதில்லை.

நம் நாட்டு மீன்களில் விரால் ராசா. அதன் தம்பி மாதிரிச் சின்னதாய்க் குறவை. சேற்றில் சுங்கான், கெளிறு, ஆரல், விலாங்கு. ஓடைப் பக்கம் கெண்டை வகைகள் பல, ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெரிய குளங்களில் வாளை. கடலும் நன்னீரும் சந்திக்கும் வெருகல், உப்பாறு மாதிரி இடங்களில் செத்தல், கொடுவாய், மடவை என்று உவர்நீர் மீனும் கலந்து வரும்.

அப்புறம் விடுகிற மீன்: ரோகு, கட்லா, மிருகால், சாதாரண கார்ப், புல் தின்னும் கார்ப். சில குளங்களில் நன்னீர் இறாலும் விடுகிறார்கள், அது கிடைத்த நாள் வீட்டில் திருவிழா.

ரோகு, கட்லாவை ஏன் ஒவ்வொரு வருடமும் விட வேண்டும்?

அவை ஓடும் பெரிய ஆற்றில் முட்டையிடும் மீன்கள், தேங்கி நிற்கும் குளத்துத் தண்ணீரில் நன்றாக வளருமே தவிர இனம் பெருகாது. அதனால் பொரிப்பகத்தில் ஊசி போட்டு முட்டையெடுத்து, குஞ்சை விரல் அளவுக்கு வளர்த்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். கோடையில் வற்றும் சின்னக் குளமென்றால் மாரியில் குஞ்சு விட்டு ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் அடிக்கு வரும்போது எல்லாவற்றையும் பிடித்துவிடலாம். ஏழெட்டு மாதம்தான். இந்த முறை நல்ல முறை என்பது என் எண்ணம், எப்படியும் வற்றிச் சாகப்போகும் தண்ணீரில் ஊருக்கு மீனும் அமைப்புக்குக் காசும் வருகிறதே.

1990இல் அரசாங்கம் நன்னீர் மீன்வளர்ப்புக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்தியது, 1994இல் மறுபடி தொடங்கியது. இடையில் குஞ்சு விடுவாரில்லை. விடுகிற மீன் குறைந்து திலாப்பியாவே தாங்கிக்கொண்டிருந்தது என்று பழைய மீனவர்கள் இன்றும் சொல்வார்கள். எங்கள் பக்கம் அது யுத்தக் காலமும்கூட, பல குளங்களுக்கு யாருமே போக முடியாமல் கிடந்தது.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் எங்கள் ஊர்க்குளத்துக்குக் கொண்டுவந்த குஞ்சுகளைப் பையோடு வெயிலில் நின்ற லொறியில் வைத்துப் பேச்சும் படமெடுப்பும் முடியும்வரை காத்திருந்தார்கள். பிறகு பையைக் கிழித்து அப்படியே கொட்டினார்கள். மறுநாள் காலை கரை முழுக்க வெள்ளையாய் ஒதுங்கிக் கிடந்தது. பையைக் கட்டியபடியே இருபது நிமிடமாவது குளத்தில் மிதக்கவிட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடும் வெளித் தண்ணீரின் சூடும் ஒன்றான பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்துத் தண்ணீரைப் பைக்குள் விட்டு, குஞ்சு தானாக நீந்தி வெளியே போக விட வேண்டும். உங்கள் ஊரில் விடும்போது முன்னால் நின்று இதைச் சொல்லுங்கள்.

திலாப்பியாவுக்குத் தூண்டில் எப்படிப் போடுவது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கடைக்காரர் சொல்வதைக் கேட்டு எல்லாரும் பெரிய ஊசி வாங்கிவந்து விடுகிறார்கள். திலாப்பியாவின் வாய் சின்னது. 8ஆம் அல்லது 10ஆம் நம்பர் ஊசி போதும் (நம்பர் கூடக் கூட ஊசி சின்னதாகும்). தங்கூசி 6 ராத்தல் அல்லது 8 ராத்தல் பாரம் தாங்குவது. ரீல் இருந்தால் நல்லது, இல்லையென்றால் தலை மெலிந்த மூங்கில் தடி, பத்தடி நீளம். பேனாக் குழாய்த் துண்டோ, மயில் இறகின் தண்டோ தக்கையாகும். ஊசிக்கு ஒரு சாண் மேலே மிளகளவு ஈயம், அதற்குமேல் பாரம் வேண்டாம். ஊசி கட்டும்போது தங்கூசியை ஐந்து சுற்றுச் சுற்றி நுனியை முதல் வளையத்துக்குள் விட்டு, இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி இழுத்தால் சூடேறி முடிச்சடியில் அறுந்துவிடும்.

இரைக்கு மண்புழு சரி. ஆனால் மண்புழுவுக்குச் சின்னக் கெண்டைகள் மொய்த்துத் தின்றுவிடும். எங்கள் வீட்டு வழி கோதுமை மா. ஒரு பிடி மாவுக்குப் பாண் நடுத்துண்டு ஒன்றைப் பிய்த்துப் போட்டு, தேங்காய்ப்பூவில் கொஞ்சம், தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். காதுமடல் மாதிரி மெதுவாக இருந்தால் பதம். கையில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது, ஊசியில் போட்டதும் கரைந்துவிடும். பட்டாணிக் கடலை அளவில் உருட்டி ஊசிமுனை மட்டும் எட்டிப் பார்க்கும்படி மூடுங்கள். கோடை முடிவில் கல்லில் படரும் பச்சைப் பாசியைச் சுற்றிப் போட்டாலும் வரும், அந்த நேரம் அது அதையேதான் மேய்ந்துகொண்டிருக்கும்.

திலாப்பியா கொத்துவது விரால் மாதிரி இராது. தக்கை முதலில் நடுங்கும். அசையாதீர்கள். பிறகு பக்கவாட்டில் ஒரு விரற்கிடை நகரும், அல்லது சாய்ந்து தண்ணீரில் படுக்கும். மீன் இரையை எடுத்துக்கொண்டு மேலே எழுகிறது என்று அர்த்தம், அப்போதுதான் மணிக்கட்டால் ஒரு சின்னச் சுண்டு. தக்கை தாழட்டும் என்று காத்திருந்தால் மாவை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கும். முதுகு முள்ளை முன்னாலிருந்து பின்னால் தடவி மடக்கிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு சாணுக்குக் குறைந்ததைத் திருப்பி விடுங்கள். விடும்போது கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கை மேலே இருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு அது புண் பிடித்துச் சாகும்.

விராலுக்கு?

விராலுக்குத் தாமரை, அல்லி, புல் நிற்கும் இடம் வேண்டும். சின்னத் தவளை, வெட்டுக்கிளி, அல்லது றப்பர்த் தவளையை இலைமேல் தத்தவிட்டு இழுத்து வாருங்கள். ஊசி 1/0 அல்லது 2/0, தங்கூசி 20 ராத்தலுக்குக் குறையாமல், ஏனென்றால் கொத்தியதும் செடிக்குள் புகுந்து சுற்றிவிடும். தண்ணீர் "டப்" என்று வெடிக்கும். உடனே இழுக்காமல் மூன்று எண்ணிவிட்டு இழுங்கள். விரால் காற்றை வாயால் குடிக்கும் மீன், அமைதியான காலையில் அது மேலே வந்து மூச்செடுக்கும் இடத்தில் சின்னக் குமிழி வரும், அங்கே குறி வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். தண்ணீர் மேலே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம் கொதிப்பது மாதிரித் தெரிந்தால் அது விரால் பார்ப்பு, நூற்றுக்கணக்கான குஞ்சுகள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரம் எதை அதன்மேல் போட்டாலும் பாய்ந்து கவ்வும், பசியில் கவ்வவில்லை, பிள்ளைகளை நெருங்கியதற்காக. அதைப் பிடித்தால் அரை மணித்தியாலத்தில் மற்ற மீன்கள் அந்தப் பார்ப்பைத் தின்று முடித்துவிடும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

வலை போடலாமா?

தொழில்காரருக்கு விடுங்கள். அவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு: நீர்த்தேக்கங்களில் செவுள் மாட்டும் வலையின் கண் இழுத்து அளந்தால் 8.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. டைனமைட்டும் நஞ்சும் சட்டப்படி குற்றம், எந்தக் குளத்திலும் யாருக்கும். கரண்ட் கம்பி போடுகிறவர்களைக் கண்டால் தள்ளி நில்லுங்கள், நனைந்த கரையில் அது மனிதனையும் மீனையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கடைசிக் கோடையில் சேறும் தண்ணீருமாய்க் கிடக்கும் மடுவில் ஊரே சேர்ந்து கரப்பு (அடியில்லாத மீன்பிடிக் கூடை) குத்தும் நாளில் கூப்பிட்டால் மட்டும் போங்கள். அந்தச் சத்தமும் சிரிப்பும் வேறெங்கும் கிடைக்காது.

சுங்கான் குத்திவிட்டால்?

எனக்குப் பன்னிரண்டு வயதில் குத்தியது, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில். வாய்க்காலில் அத்தாங்கு (கைவலை) போட்டு அள்ளினபோது கெளிறு என்று நினைத்துக் கழுத்தில் பிடித்தேன். செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் முள்ளில்தான் விஷம். தோள்வரைக்கும் ஏறி, நெறி கட்டி, இரவெல்லாம் கத்தினேன்.

குத்தினால் முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, கை தாங்கும் அளவு சூடான தண்ணீரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருங்கள். அந்த விஷம் சூட்டில் உடையும், வலி இறங்குவது அங்கேயே தெரியும். மற்றக் கையால் முதலில் சூடு பாருங்கள், வலியில் மரத்த கை வெந்தாலும் தெரியாது. வாயால் உறிஞ்சுவது, கீறிவிடுவது, சுண்ணாம்பு அப்புவது எதுவும் வேண்டாம். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்புவலி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ சூடு தண்ணீருக்கே காத்திருக்காமல் உடனே போங்கள்.

முதலை, யானை, பாம்பு?

மூன்றும் உண்டு. குளத்து முதலை நம் பெரிய குளங்களில் சாதாரணம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்காதீர்கள், ஒரே இடத்தில் நாள்தோறும் மீன் கழுவிக் குடலைப் போடாதீர்கள், மீன் கோர்த்த கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்பதைப் போல் முட்டாள்தனம் வேறில்லை. கந்தளாய், முதலிக்குளம் பக்கம் கோடையில் பின்னேரம் யானை தண்ணீருக்கு வரும், ஆகவே ஐந்தரைக்கு முன் தூண்டிலைச் சுருட்டி வண்டிக்கு வந்துவிடுங்கள். மீன் நன்றாகக் கொத்தும் நேரம் அதுதான் என்று தெரியும், எனக்கும் மனம் வராது, ஆனால் யானைக்கு முன்னால் ஓட அலைகரையில் இடமில்லை. அறுவடை முடிந்த வரம்புகளில் கண்ணாடிப் புடையன் கிடக்கும், செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். துருசடியில் குளிக்கவோ தூண்டில் சிக்கினால் இறங்கவோ கூடாது, மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் கீழே ஆளை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடி முழங்கினால் நீளத் தடியைத் தூக்கிக்கொண்டு வெட்டையில் நிற்காதீர்கள்.

வயல் தண்ணீரில் காலில் காயத்தோடு இறங்கியிருந்து, சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலா என்று டொக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு காலையில் போனால் குளம் முழுக்க மீன் செத்து மிதந்தது. யாராவது மருந்து போட்டார்களா?

இருக்கலாம், ஆனால் உடனே பக்கத்து ஊரைச் சந்தேகப்படாதீர்கள், இதனால் தலைமுறைக்கும் பேசாமல் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் பச்சைச் சாயம் மாதிரி ஆகிவிடும், அது கண்ணுக்குத் தெரியாத பாசி. பகலில் அந்தப் பாசி வெயிலில் ஒட்சிசனை விடும், இரவில் மீனோடு சேர்ந்து அதுவும் ஒட்சிசனைக் குடிக்கும். குளத்தில் தண்ணீரும் குறைவு, சூடான தண்ணீரில் ஒட்சிசன் தங்குவதும் குறைவு. இரண்டு நாள் வானம் மூடி வெயில் இல்லாமல் போனால் விடியற்காலையில் மூச்சு முட்டிப் பெரிய மீன்கள் முதலில் சாகும்.

விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் இதுதான் காரணம், வெயில் ஏறினதும் இறங்கிவிடும். விராலும் சுங்கானும் பனையேறியும் உயிரோடிருந்து மற்றவை செத்திருந்தால் அநேகமாக ஒட்சிசன் குறைவு, அவை காற்றைக் குடிக்கும் மீன்கள் அல்லவா. தவளை, பாம்பு, நத்தை எல்லாமே சேர்ந்து செத்திருந்தால் வயலுக்கு அடித்த மருந்தோ வேறு நஞ்சோ வந்திருக்கிறது, அமைப்புக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் சொல்லுங்கள். எதுவானாலும் அந்த மீனைப் பொறுக்கிக் கறி வைக்காதீர்கள், கருவாடும் போடாதீர்கள்.

வீட்டுத் தொட்டியில் வளர்ந்துவிட்ட மீனைக் குளத்தில் விடலாமா?

வேண்டாம். கண்ணாடித் தொட்டியைத் துடைக்கும் அந்த முள்தோல் மீன், டேங்க் கிளீனர் என்பார்களே, அதைப் பாவம் பார்த்து விட்டவர்களால் இன்று மீனவர் வலையில் அது சிக்கி வலையைக் கிழிக்கிறது, யாரும் தின்னவும் மாட்டார்கள். வளர்க்க முடியவில்லையென்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

குளத்து மீனில் சேற்று மணம் வருகிறதே, எப்படிப் போக்குவது?

சேறு காரணமில்லை, மேலே சொன்ன பாசி வகைகளும் நுண்ணுயிர்களும் விடும் ஒரு பொருள்தான் மீனின் தசையில் ஏறி மணக்கிறது. அதனால்தான் மாரியில் பிடித்த மீன் மணப்பதில்லை, கோடையில் பிடித்தது மணக்கிறது. புளிப்பு அதை உடைக்கும். வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வை விரலால் உரித்துவிட்டு, கல் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பழப்புளிக் கரைசலிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ பதினைந்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கழுவுங்கள். பெரிய மீனில் தோலையும் உரித்துவிடலாம்.

பிறகு திலாப்பியா என்றால் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புத் தடவி முறுகப் பொரிப்பதுதான் நல்லது, குழம்பில் அது கொஞ்சம் சப்பென்றிருக்கும். விராலுக்குக் குழம்புதான். சின்ன வெங்காயம், வெந்தயம், பெருஞ்சீரகம் தாளித்து, பழப்புளி தூக்கலாக விட்டு, தலைப்பாலை இறக்கும்போது சேர்த்து, அன்றைக்குச் சாப்பிடாமல் மூடி வைத்து அடுத்த நாள் காலைப் பழஞ்சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். சுங்கான் உடம்புக்குப் பலம் என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொதி வைத்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம், அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வழுவழுப்பைப் போக்கித்தான் சட்டியில் போடுவார்.

போகும்போது என்னென்ன கொண்டு போக வேண்டும்?

தொப்பி, நிறையத் தண்ணீர், ஊசி கழற்றச் சின்னக் குறடு, டோர்ச், பழைய துணி, மீனுக்கு மூடியுள்ள வாளி. போகும்போது யாரிடமாவது எந்தக் குளம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு வெறும் பையும் வேண்டும், அறுந்த தங்கூசியை அதில் சுருட்டிப் போட்டுக்கொண்டு வர. போன வருடம் பெரியகுளத்துக் கரையில் கால் இரண்டும் தங்கூசியில் சுற்றிய ஒரு கொக்கைப் பிடித்து, மச்சான் சிறகை அணைத்துப் பிடிக்க நான் பிளேட்டால் ஒவ்வொரு சுற்றாய் அறுத்தேன். ஒரு விரல் கறுத்துப் போயிருந்தது. விட்டதும் பறக்காமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு தண்ணீரோரமாக நொண்டி நொண்டி நடந்து போனது.